இந்த வண்டி ஓடுமா?

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையைக் கடப்பவர்கள், படுத்திருக்கும் யானையைப் போன்ற பெரும்பாறை ஒன்றைக் காண்பார்கள். யானைமலை என்பது அதன் பெயர். அம்மலை கண்ணில் படும் சாலையோரத்தில் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை ஒன்று உண்டு. அதன் உள்மூலையில், கோணிச்சாக்கு போர்த்திய கறுப்பு நிறப் புல்லட் ஒன்று பல்லாண்டுகளாக நின்றிருந்தது. பட்டறைக்காரர் அதனை உருக்குலைந்த நிலையில் ஏலத்தில் எடுத்தவர். கிடைத்த உதிரிப் பாகங்களைச் சேர்த்துச் சேர்த்து, மூன்றாண்டு உழைப்பில் ஓட வைத்தவர். அவருடைய மகன் பதினொன்றாம் வகுப்பு மாணவன். தெருமுனையில் அவ்வண்டி திரும்பும் ஓசையைக் கேட்டே, அப்பா வருகிறார் என்று அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்லிவிடக் கூடியவன்.

மூத்த மகளின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் வந்து பணம் கொடுத்து வண்டியை ஓட்டிச் செல்வதாகப் பேச்சு முடிந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. மகன் மட்டும் அவ்வண்டியை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ள விரும்பினான். கைப்பேசியில் அதன் படங்கள் பல இருந்தன. எனினும் அவை அவனுக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்று கேட்டிருந்தால் அவனால் விடை சொல்லியிருக்க முடியாது.

அரைமணி நேர வேலை என்றே அவன் எண்ணினான். பிறந்தது முதல் பார்த்த வண்டி அல்லவா? இரவில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நினைவிலிருந்தே வரைந்தான். இரண்டு வட்டங்கள், நடுவே ஓர் இயந்திரம், மேலே பெட்ரோல் டாங்கி, இருக்கை, கைப்பிடி, விளக்கு. தந்தையிடம் நீட்டினான். அவர் பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, தாளின் ஓரத்தைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா இந்த வண்டி ஓடாது."

அவ்வளவே சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. பட்டறைக்கு வரும் எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் முதலில் எதைச் சொல்வாரோ, அதையே மகன் வரைந்த வண்டிக்கும் சொன்னார்.

அவர் கூற்றில் பிழை இல்லை. அந்தப் படத்தில் இயந்திரம் எதன்மீதும் பொருந்தாமல் வெளியில் மிதந்தது. இயந்திரத்திலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்ல வேண்டிய செயின் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை தரைக்குச் செங்குத்தாக நின்றது. இருக்கையைத் தாங்குவதற்கு அதன் கீழே ஒன்றுமே இல்லை. நாள்தோறும் கண்ட வண்டி எப்படித் தாளில் இவ்வாறு சிதைந்தது?

இக்குறை அம்மாணவனுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபெக்கா லாசன் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. மிதிவண்டியின் உறுப்புகள் எவ்வாறு இணைந்துள்ளன என்று பலரிடம் அவர் கேட்டார். மிதிவண்டியை நன்கறிந்ததாகக் கருதியோருள் பலர், செயினை இரண்டு சக்கரங்களையும் சுற்றிச் செல்லுமாறு காட்டினர். சிலர் இரண்டு சக்கரங்களையும் ஒரே சட்டத்தால் இறுகப் பிணைத்தனர். முன்சக்கரம் அவ்வாறு பிணைக்கப்பட்டால் வண்டியைத் திருப்பவே இயலாது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜான்லூக்கா ஜிமினி இன்னும் ஒரு படி மேலே சென்று, பிறர் நினைவிலிருந்து வரைந்து தந்த மிதிவண்டிகளை உண்மையான வண்டிகளைப் போலவே கணினியில் உருவாக்கிக் காட்டினார். பார்க்க அழகானவை; ஏறி அமர்ந்தால் முறிந்து விழக்கூடியவை. நாம் ஒரு பொருளைப் பயன்படுத்தும் அளவுக்கு மட்டுமே அதைப் பார்க்கிறோம். அதற்கு மேல் பார்க்க வேண்டிய தேவை வரும்வரை கண் சோம்பியே இருக்கிறது.

மறுநாள் மாணவன் அந்தப் படத்தைப் பள்ளி ஓவிய ஆசிரியரிடம் கொண்டு சென்றான். அவர் ஒரு கோட்டையும் திருத்தவில்லை.

"தம்பி, நீ வண்டியை வரையவில்லை; வண்டி என்னும் சொல்லை வரைந்திருக்கிறாய். முதலில் அந்தக் குடத்தின் வாயை வரைந்து காட்டு" என்றார்.

அரசு நடத்தும் ஓவியத் தேர்வுக்குப் பயில்வோர் பெட்டி, உருளை, கூம்பு, குடம் ஆகியவற்றை எதிரே வைத்து வரைந்து பழகுவதுண்டு. அந்தப் பயிற்சி பலருக்குச் சலிப்பூட்டும். குடத்துக்கும் புல்லட்டுக்கும் என்ன உறவு என்று மாணவனும் உள்ளுக்குள் சலித்துக்கொண்டான். எனினும் வரைந்தான். குடத்தின் வாய் வட்டம் என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்ததையே வரைந்தான். ஆசிரியர் அவனைக் குடத்தின் உயரத்துக்குக் குனிந்து பார்க்கச் சொன்னார். வாய் ஒரு கோடாகச் சுருங்கியது. சற்றே எழுந்தபோது மெல்லிய நீள்வட்டமானது. எழ எழ அகன்றது. நேர் மேலிருந்து நோக்கியபோதுதான் அது முழு வட்டம். கணக்குப் பாடத்தில் நெட்டச்சு, குற்றச்சு என்று எழுதிப் பார்த்த நீள்வட்டம் வீட்டுக் குடத்தின் வாயிலும் இருப்பதை அன்றுதான் அவன் கண்டான்.

சக்கரத்தை வரையும் வித்தையின் பாதி இதில் அடங்கியிருக்கிறது. வண்டியை நேர் பக்கவாட்டில் நின்று நோக்கினால் சக்கரம் வட்டம். சற்று விலகி நின்றால் நீள்வட்டம். அந்த நீள்வட்டத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில்தான் கற்போர் தடுமாறுவர். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. சக்கரத்தின் நடுவே செல்லும் அச்சு எத்திசையில் நீள்கிறதோ, அத்திசையிலேயே நீள்வட்டத்தின் குற்றச்சு அமைய வேண்டும். இதனை அறியாதவர் வரையும் சக்கரம், அச்சாணி கழன்ற தேர்ச்சக்கரம் போலத் தள்ளாடும். ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் விளக்கவில்லை. ஒரு தட்டின் நடுவே குச்சியைச் செருகி, அதனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அடுத்துவந்தது அளவு. மாணவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டியின் முன் அமர்ந்தான். டயருடன் சேர்த்துச் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 137. கழித்துப் பார்த்தால், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே இன்னொரு சக்கரம் அடங்கி, மூன்று விரல் அளவு இடம் மிஞ்சும். அவன் முன்னர் வரைந்த படத்திலோ நடுவில் இரண்டு சக்கரம் வைக்கலாம். இயந்திரம் பெரிது, முதன்மையானது என்று மனம் கருதியதால், கை அதற்கு வேண்டிய இடத்தைத் தாராளமாக ஒதுக்கிவிட்டது! பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் இந்த மூன்று சக்கர நீளத்துக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். முதலில் மூன்று வட்டங்களை மெலிதாக இட்டு, நடு வட்டத்துக்குள் இயந்திரத்தை அமர்த்தினால் வண்டி தன் உருவத்துக்கு வந்துவிடும்.

ஆனால் பட்டறையில் கற்றதுதான் மிகுதி. மாலைதோறும் அவன் வரைபலகையுடன் வண்டியின் எதிரே அமர்வான். தந்தை வேறு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் விடை சொல்வார்.

"ஏம்ப்பா முன்பக்கத்துக் கவை சாய்ஞ்சிருக்கு?"

"நேரா நிறுத்திப் பாரு, வண்டி தத்தளிக்கும். சாய்ஞ்சிருக்கப் போயித்தான் நேரா போகுது."

கவையின் சாய்வை அப்படியே கீழ்நோக்கி நீட்டினால், அக்கோடு டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தரையைச் சேரும். டயர் எப்போதும் அந்தப் புள்ளியைப் பின்தொடர்ந்து வருவதால், வண்டி தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள முனைகிறது. மாணவன் தாளில் மெல்லிய கோடு ஒன்றை நீட்டிப் பார்த்து இதனை அறிந்தான். அதற்குப் பின் அவன் கவையை ஒருமுறைகூடச் செங்குத்தாக வரையவில்லை.

சக்கரத்தின் கம்பிகளும் அப்படித்தான். ஞாயிற்றின் கதிர்களைப் போல நடுவிலிருந்து நேராக விரிவதாக அவன் வரைந்திருந்தான். உற்று நோக்கினால், கம்பிகள் நடுக்குடத்தின் விளிம்பை உரசியபடி சாய்ந்து புறப்பட்டு, ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து விளிம்பைச் சேர்கின்றன. செயின் பின்சக்கரத்தை இழுக்கும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் நடுக்குடம் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கைத் தாங்கவே இச்சாய்வு. இயந்திரத்தின் உருளையைச் சுற்றி அடுக்கடுக்காகத் தெரியும் தகடுகளை அவன் அழகுக் கோடுகள் என்று கருதியிருந்தான். காற்றுப் படும் பரப்பைப் பெருக்கிச் சூட்டைத் தணிப்பதற்காக அமைந்தவை அவை. அந்த உருளை ஏன் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கிறது என்பதற்கும் காரணம் இருந்தது. பழைய 350 புல்லட்டில் பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர். அது ஏறியிறங்கும் தொலைவோ 90 மில்லிமீட்டர். அகலத்தைவிட உயரம் மிகுந்த இயந்திரம். அந்நீண்ட ஏற்றஇறக்கமே அவ்வண்டியின் நிதானமான ஓசைக்கும் ஒரு காரணம் என்பர். கேட்டுப் பழகிய ஓசையின் வடிவத்தை இப்போது அவன் வரைந்துகொண்டிருந்தான்.

ஒவ்வொரு விடைக்கும் ஒரு கோடு மாறியது. இது ஏன் இங்கே இருக்கிறது, இதனைத் தாங்குவது எது, இது எதனை இழுக்கிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகே அவன் படத்தில் உறுப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஐயனாருக்குப் பெரும் மண்குதிரைகளைச் செய்து வழங்கும் மரபு உண்டு. அவற்றைச் செய்யும் குயவர்கள் குதிரையின் முகத்திலோ பிடரியிலோ தொடங்குவதில்லை. மண்ணைக் குழாய்களாக வனைந்து முதலில் நான்கு கால்களை நிறுத்துவார்கள். அவை சற்று இறுகிய பின் வயிற்றை எழுப்புவார்கள். அதன்பின் கழுத்து, தலை. மணியும் சலங்கையும் கடிவாளமும் இறுதியில்தான் வரும். கீழே உள்ளது மேலே வருவதைத் தாங்குமா என்பதே அவர்கள் முதற்கவலை. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் இன்றும் மண்ணுருவங்கள் செய்யும் குடும்பங்கள் உள்ளன. வாய்ப்புள்ள மாணவர்கள் ஒருமுறை சென்று கண்டு வரலாம். வரைதலைப் பற்றி அங்கே ஒரு பிற்பகலில் கற்பது மிகுதி. நம் மாணவனும் விளக்கில் தொடங்குவதை விட்டு, சட்டத்தில் தொடங்கினான். சட்டம், அதில் பொருந்தும் இயந்திரம், பின்சக்கரத்தைப் பிடிக்கும் கரம், பிறகு கவை. டாங்கியும் இருக்கையும் அதன்பின். பெயரெழுத்துகள் கடைசியில்.

ஐந்தாம் நாளில் அவனுக்குச் சோர்வு வந்தது. தாள்கள் குவிந்தன, பொங்கல் நெருங்கியது. கண் கண்டதைக் கை வரைய மறுத்தது. அப்போது ஓவிய ஆசிரியர் தம்மிடமிருந்த நூல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மனோகர் தேவதாஸ் எழுதி வரைந்த 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' என்னும் ஆங்கில நூல் அது; 2007இல் வெளிவந்தது. மதுரையில் 1936ஆம் ஆண்டு பிறந்த தேவதாஸ் தொழிலால் வேதியியலாளர். மதுரையின் கோயிலையும் தெருக்களையும் மலைகளையும் கறுப்பு மையால் நுண்ணிய கோடுகளாக வரைந்தவர். யானைமலையும் அவர் கோடுகளில் இடம்பெற்றுள்ளது. அவருடைய விழித்திரையை ஒரு நோய் சிறிது சிறிதாக அழித்துக்கொண்டிருந்தது. பார்வையின் எல்லை ஆண்டுதோறும் குறுகிவந்தபோதும், கனத்த கண்ணாடிகளின் துணையோடு அவர் வரைவதைத் தொடர்ந்தார். ஒரே பார்வையில் முழு உருவமும் அகப்படாத நிலையில், சிறு சிறு பகுதிகளாகக் கண்டு, அவற்றை நினைவில் இணைத்துத் தாளில் சேர்க்க வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2022இல் மறைந்தார்.

மாணவன் அந்தப் பக்கங்களைப் புரட்டினான். தன் வீட்டு வாசலிலிருந்து தெரியும் மலையை இன்னொருவர் இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார் என்பது அவனுக்கு வியப்பாக இருந்தது. அன்று மாலை அவன் முழு வண்டியை வரையவில்லை. விளக்கின் மேலிருக்கும் ஆம்பியர் முள், இருபுறமும் கண்போல் அமைந்த இரு சிறு விளக்குகள், கிளட்ச் கம்பி வளைந்து செல்லும் பாதை என ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் வரைந்தான். டாங்கியின் இடப்பக்கத்தில் ஒரு சிறு நசுங்கல் இருந்தது. அவன் ஏழு வயதில் வண்டிமீது ஏறி விளையாடிச் சாய்த்துவிட்டதால் ஏற்பட்டது. தந்தை அதை ஏனோ சரிசெய்யாமலே விட்டிருந்தார். அந்த நசுங்கலில் ஒளி எவ்வாறு வளைகிறது என்று பார்ப்பதற்கே ஒரு மாலை கழிந்தது.

டாங்கியில் ஓடும் பொன்னிறக் கோடுகள்தாம் அவனை மிகவும் அலைக்கழித்தன. இந்த வண்டியின் கதை இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தொடங்குகிறது. இந்திய இராணுவத்தின் தேவைக்காக 1950களில் இங்கு வரவழைக்கப்பட்ட புல்லட், 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டில் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் வழியே சென்னைத் திருவொற்றியூரில் வேர்கொண்டது. ஆங்கில நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டே இருந்தது. அதன் டாங்கியில் உள்ள பொன்கோடுகளை, அத்தொழிலைக் குடும்பக் கலையாகக் கொண்ட ஓவியர்கள் அளவுகோலும் ஒட்டுநாடாவும் இன்றிக் கைத்தூரிகையாலேயே தீட்டிவந்தனர். வளைந்த உலோகப் பரப்பின்மீது ஒரே மூச்சில் இழுக்கப்படும் கோடு அது; நடுவில் தயங்கினால் தயக்கம் அப்படியே காயும். இதனை ஆசிரியர் சொன்ன பிறகு, அளவுகோலை வைத்து அக்கோட்டை வரைய மாணவனுக்கு மனம் வரவில்லை. பழைய செய்தித்தாள்களில் நூறு முறைக்கு மேல் இழுத்துப் பழகினான். தோளிலிருந்து கையை அசைத்தால் கோடு ஓடுகிறது, மணிக்கட்டிலிருந்து அசைத்தால் முறிகிறது என்பதை அவனாகவே கண்டுகொண்டான்.

உலகின் முதல் மோட்டார் சைக்கிள் எனப் பலராலும் கருதப்படும் வண்டியை 1885இல் ஜெர்மனியில் காட்லிப் டைம்லர் உருவாக்கினார். மரச்சட்டத்தால் ஆனது, கீழே விழாதிருக்க இருபுறமும் சிறு சக்கரங்கள். அந்த மூல வண்டி 1903இல் நேர்ந்த தீவிபத்தில் எரிந்துபோனது. அருங்காட்சியகங்களில் இன்று நிற்பவை பின்னர் செய்யப்பட்ட படிகள். காப்புரிமைக்காக அவர் அளித்த வரைபடமோ இன்றும் காணக் கிடைக்கிறது.

சனிக்கிழமை இரவு படம் முடிந்தது. மாணவன் இடப்புறத்தில், சற்றுப் பின்தள்ளி அமர்ந்து வரைந்திருந்தான். செயின் தெரிவது அப்பக்கம்தான். படத்தில் குறைகள் இருந்தன. கைப்பிடி ஒருபுறம் சற்று நீண்டுவிட்டது. பின்சக்கரத்தின் நீள்வட்டம் கீழ்ப்பகுதியில் லேசாகத் தட்டையானது. பொன்கோடு ஓரிடத்தில் தடித்திருந்தது. அவன் எதையும் அழித்துத் திருத்தவில்லை. தாளைத் தந்தையின் கையில் கொடுத்துவிட்டு, சொல் ஏதும் வராதவனாய் நின்றான்.

அவர் விளக்குக்கு அருகில் சென்று பார்த்தார். விரல் தாளில் படாதபடி, கவையில் தொடங்கி மெல்ல நகர்த்தினார். டாங்கியின் நசுங்கலில் விரல் சிறிது நின்றது. பிறகு இயந்திரம், அதன் பின்னால் இருக்கும் கியர்பெட்டி, அங்கிருந்து பின்சக்கரம். கீழ்ச்செயினின் மேல் வந்ததும் நெற்றி சுருங்கியது.

"செயின் தொய்ஞ்சிருக்கேப்பா."

மாணவன் படத்தில் பிழை என்று எண்ணிப் பதறினான். "இல்லப்பா, அப்படித்தான் இருந்துச்சு. பார்த்துத்தான் வரைஞ்சேன்" என்றான்.

"அதத்தான் சொல்றேன். நாளைக்கு ஆள் வந்து ஓட்டிட்டுப் போறப்ப சத்தம் போடும்ல?"

அவர் படத்தை மகன் கையில் திருப்பிக் கொடுத்தார். கோணிச்சாக்கை விலக்கி, பலகையைப் போட்டு வண்டியின் இடப்புறம் அமர்ந்தார். ஸ்பேனருக்காகப் பின்புறமாகக் கையை நீட்டினார். எந்த அளவு ஸ்பேனர் என்று அவர் சொல்லவில்லை. மகன் எடுத்துக் கொடுத்தான்.